கொழும்புக்குத் திரும்பவும் சரக்கு ஏற்றலாமா?

வத்தல் மண்டி (திருநெல்வேலி டவுண்):

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து எங்கள் பழைய பார்ட்டி போன் போட்டார். அப்பா காலத்துப் பழக்கம். "இப்ப நிலவரம் பரவாயில்லை, பேங்கில டாலர் கிடைக்குது, முன்ன மாதிரி ஒரு கண்டெய்னர் அனுப்புங்க" என்கிறார். மிளகாய் வத்தலும் மல்லியும். விலையும் நன்றாகத்தான் நிற்கிறது. ஆனால் எனக்குக் கை வரவில்லை. காரணம் 2022.

அந்த வருஷம் ஜனவரியில் தூத்துக்குடியிலிருந்து இருபதடி கண்டெய்னர் ஒன்று ஏற்றினேன். பாதி வத்தல், பாதி மல்லி. அறுபது நாள் டி.ஏ. அதாவது அவர் பேங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சரக்கை எடுத்துக்கொள்வார், அறுபதாம் நாள் பணம் கட்டுவார். கப்பல் கொழும்பு போய்ச் சேர ஒரு ராத்திரி. பணம் வந்து சேரப் பதினான்கு மாசம். மனுஷன் ஏமாற்றவில்லை. சொன்ன தேதியில் இலங்கை ரூபாயைக் கட்டி, அந்த ரசீதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இன்னும் என் போனில் இருக்கிறது. பேங்கில்தான் டாலர் இல்லை. மருந்துக்கும் பெட்ரோலுக்கும் பின்னால் என் வத்தல் வரிசையில் நின்றது. நான் பில் போட்டபோது ஒரு டாலருக்கு இருநூறு இலங்கை ரூபாய். மே மாதம் முந்நூற்று அறுபது. கட்டிய ரூபாய் பத்தாது, இன்னும் கட்டு என்று அவர் தலையில் விழுந்தது. கடைசியில் பேசி, நூற்றுக்குப் பதினைந்து நான் விட்டுக்கொடுத்தேன்.

நடுவில் இங்கே என் பேங்கிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். ஒன்பது மாசம் ஆச்சு, ஏற்றுமதிப் பணம் எங்கே என்று. நான் என்னமோ வெளிநாட்டில் காசைப் பதுக்கினவன் மாதிரி.

2009ல் போர் முடிந்தபோது, இனி கொழும்பு யாவாரம் பழையபடி வந்துவிடும் என்று அப்பா சந்தோஷப்பட்டார். பதிமூன்றே வருஷத்தில் அந்த நாடு கையை விரித்தது. ஆளை நம்புகிறேன். நாட்டை நம்பலாமா?

சும்மா ஒருத்தன்:

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது அண்ணாச்சி. கேரளாவுக்கு லாரியில் ஏத்துங்க, மறுநாள் காசு.

வத்தல் மண்டி:

கேரளாக்காரன் கேட்கிற கடன் உமக்குத் தெரியாது வே.

பாளை பென்ஷனர்:

முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் இருந்தவன், அதில் பாதி அந்நியச் செலாவணிப் பிரிவில். தம்பி செய்த தப்பைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். டி.ஏ. என்பது ஆளை நம்பிச் செய்கிற வியாபாரம். நீங்கள் ஆளை மட்டும் எடைபோட்டீர்கள். ஏற்றுமதியில் இரண்டு பேரை எடைபோட வேண்டும்: வாங்குகிறவர் ஒருத்தர், அவர் நாட்டு மத்திய வங்கி இன்னொருத்தர். இரண்டாவது ஆள் 2021 நடுவிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டார். அரசாங்க விலை ஒரு டாலருக்கு இருநூற்றுச் சொச்சம் என்று பிடித்து வைத்திருந்தார்கள். வெளியே அதைவிட நல்ல விலை. வளைகுடாவில் வேலை பார்க்கிற பிள்ளை எதற்குப் பேங்க் வழியாக அனுப்புவான்? பேங்குக்கு வெளியே காசு மாற்றிவிடுகிற உண்டியல்காரரிடம்தான் கொடுத்தான். 2022 மே மாதம், கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடிய டாலர் ஐந்து கோடிகூட இல்லை என்று அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்திலேயே சொன்னார். ஒரு நாட்டின் கல்லாவில் ஐந்து கோடி டாலர்! உங்கள் கண்டெய்னர் அந்தக் கல்லாவுக்கு முன்னால்தான் நின்றது.

இன்னொன்று. அப்போது நமக்கும் இலங்கைக்கும் நடந்த வியாபாரம் ஆசியத் தீர்வு ஒன்றியம் என்ற ஏற்பாட்டின் வழியாகத்தான் தீர வேண்டும்; நாடுகள் வரவையும் பற்றையும் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கட்டுகிற ஏற்பாடு அது. அங்கே அவர்கள் பாக்கி விழுந்ததும் நம் வங்கிகளுக்கும் பயம் வந்துவிட்டது. 2022 ஜூலை 8 அன்று ரிசர்வ் வங்கி, இலங்கை வியாபாரத்தை அந்த ஏற்பாட்டுக்கு வெளியே தீர்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. இந்திய ரூபாயிலேயே பில் போடவும் இப்போது வழி உண்டு. உங்கள் பார்ட்டியிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பணம் வராமல் போனால் ஈடு கொடுக்கிற ஈசிஜிசி காப்பீடு எடுத்திருந்தீர்களா?

வத்தல் மண்டி:

இல்லை ஐயா. கொழும்புதானே, பக்கத்து வீடு மாதிரி என்று விட்டுவிட்டேன்.

பாளை பென்ஷனர்:

பக்கத்து வீட்டுக்குக் கைமாற்று கொடுத்தவன்தான் அதிகம் ஏமாந்திருக்கிறான்.

தோணித்துறை (தூத்துக்குடி):

பக்கத்து வீடு என்பது பொய்யில்லை அண்ணாச்சி. எங்கள் தாத்தா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். கொழும்புக்கு வெங்காயம், வத்தல், கருவாடு என்று ஏற்றிப்போய், திரும்பி வரும்போது கொட்டைப்பாக்கு, கிராம்பு. வ.உ.சி. 1906ல் கப்பல் கம்பெனி ஆரம்பித்ததே தூத்துக்குடி–கொழும்பு ஓட்டத்துக்குத்தான். வேறெந்தத் தடமும் அவருக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் காசு இருந்த தடம் அது.

போர் வந்ததும் மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பக்கம் முழுக்கக் கடற்படை. தோணிக்காரனுக்குக் காற்றைவிட ரோந்துப் படகுதான் பயம். அப்புறம் கண்டெய்னர் வந்தது. இன்றைக்கு எங்கள் தோணிகள் பெரும்பாலும் மாலத்தீவுக்குத்தான் போகின்றன: ஜல்லி, செங்கல், காய்கறி. தென்மேற்குக் காற்றடிக்கிற மாசங்களில் கரையில்தான் கிடப்பு.

2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் விட்டார்கள் ஞாபகம் இருக்கிறதா? அப்பாவைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். அடுக்கடுக்காக வெள்ளைக் கப்பல். "இது நிலைக்காதுல" என்றார். ஆள் வரும், ஆனால் பொட்டணம் கொண்டுவர விடமாட்டான், பொட்டணம் இல்லாமல் எவன் கொழும்பு போவான் என்பது அவர் கணக்கு. நவம்பரில் நின்றுவிட்டது. அது சரியான காரணமோ என்னவோ, அப்பா இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேலரத வீதி:

கல்லூரியில் பொருளியல் எடுக்கிறேன். வத்தல் மண்டி தம்பியின் கடைசிக் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

போர் முடிந்த நாட்டில் முதல் சில வருஷம் வளர்ச்சி தானாகவே வரும். உடைந்த பாலத்தைத் திரும்பக் கட்டினாலே அது கணக்கில் ஏறும். தரிசாகக் கிடந்த வயலில் விதைத்தாலும் ஏறும். இலங்கையும் 2010 முதல் மூன்று வருஷம் எட்டு, ஒன்பது சதவீதம் என்று ஓடியது. ஆனால் அது ரோடாக, துறைமுகமாக, கட்டிடமாக வந்த வளர்ச்சி. வெளியே விற்று டாலர் கொண்டுவருகிற சரக்காக வரவில்லை. 2000ல் அந்த நாட்டின் சரக்கு ஏற்றுமதி மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2019ல் ஏழில் ஒரு பங்கு. தொகை கூடியது, பங்கு சுருங்கிப்போனது. 2000 எப்பேர்ப்பட்ட வருஷம் என்று பாருங்கள், ஆனையிறவு முகாம் புலிகள் கையில் விழுந்த வருஷம் அது.

சரக்கு விற்று டாலர் சம்பாதிக்காமல், டாலரைக் கடனாக வாங்கினார்கள். 2007ல், போர் நடக்கும்போதே, சர்வதேசச் சந்தையில் முதல் கடன்பத்திரம்: 50 கோடி டாலர். போர் முடிந்ததும் அந்தக் கதவு இன்னும் அகலத் திறந்தது. அமைதி வந்த நாடு என்று முதலீட்டாளர்கள் நம்பிக் கொடுத்தார்கள். ஒரு பத்திரம் முதிர்ந்தால் அடுத்த பத்திரம் விற்று அடைப்பது. நம்ம ஊரில் ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

இதற்குள் 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம், வளரும் நாடுகளின் சரக்குக்குச் சுங்கவரியைத் தள்ளிக் கொடுக்கிற ஜிஎஸ்பி பிளஸ் சலுகையை நிறுத்தியது. மனித உரிமை ஒப்பந்தங்களை மதிக்கவில்லை என்பது காரணம். போரை நடத்திய விதம் சட்டைக்கும் பனியனுக்கும் சுங்கவரியாக வந்து நின்றது. அந்த நாட்டின் ஏற்றுமதியில் பெரிய பங்கு ஆயத்த ஆடை. சலுகை திரும்பக் கிடைக்க 2017 மே ஆனது.

மீதிக் கதை எல்லாருக்கும் தெரியும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, சுற்றுலா படுத்தது. அந்த டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரியை 15லிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள். அப்புறம் கொரோனா. 2021ல் ரசாயன உரத்துக்குத் தடை, விளைச்சல் போனது, ஏழே மாதத்தில் தடையை எடுத்தார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

சும்மா ஒருத்தன்:

எல்லாம் சீனாக்காரன் வேலை. அம்பாந்தோட்டையை அப்படியே முழுங்கிட்டான்.

மேலரத வீதி:

அம்பாந்தோட்டை 2017ல் 99 வருஷக் குத்தகைக்குப் போனது உண்மை, 112 கோடி டாலருக்கு. ஆனால் கழுத்தை நெரித்தது அந்தக் கடன் இல்லை. கடன்பத்திரம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய நிதி நிறுவனங்கள். வெளிக்கடனில் அவர்கள் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல், வட்டியும் கூடுதல். துறைமுகம் கண்ணுக்குத் தெரிகிறது, பத்திரம் தெரிவதில்லை. அதனால் எல்லாரும் துறைமுகத்தைத் திட்டுகிறோம்.

கடலுக்கு அந்தப் பக்கம் (கிளிநொச்சி):

வணக்கம். நான் பிறந்தது திருநெல்வேலி மாவட்டத்து அகதி முகாம் ஒன்றில். பள்ளிக்கூடமும் அங்கேதான். 2012ல் அம்மாவோடு இங்கே திரும்பினோம். உங்கள் இழையை வாசித்தேன். எல்லாரும் கொழும்பைப் பற்றிக் கதைக்கிறீர்கள், போர் நடந்த இடத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

ஏ9 ரோட்டில் வந்தால் பரந்தன் சந்தி வரும். அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலை இருந்தது. எண்பதுகளில் நின்றது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை, 1990ல் நின்றது. ஆனையிறவில் உப்பளம், அதுவும் அந்தக் காலத்தோடு போனது. மூன்றும் வடக்கில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்டவை. போர் முடிந்ததும் முதலில் வந்தது ரோடு. நல்ல ரோடு, குறை சொல்லமாட்டேன். ரோடு வந்த கையோடு லீசிங் கடைகள் வந்தன. மோட்டார்சைக்கிள், முச்சக்கர வண்டி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் தவணையில். அதற்குப் பின்னால் நுண்கடன்காரர்கள், வாரம் ஒருமுறை வீட்டு வாசலில். உற்பத்தி வருவதற்கு முன்னால் கடன் வந்துவிட்டது. மேலரத வீதி அக்கா நாட்டுக்குச் சொன்ன கதை எங்கள் ஒழுங்கையிலும் நடந்தது.

அதோடு படை. போர் முடிந்தும் இரண்டு லட்சம் பேர் தரைப்படையில். 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று 2023ல்தான் அறிவித்தார்கள். அத்தனை பேருக்கும் சம்பளம் வரிப்பணம்.

இன்னொன்று சொன்னால் கோபிப்பீர்கள். எங்கள் கடலில் பிடிக்கிற நண்டும் இறாலும் ஏற்றுமதிச் சரக்கு. போர் முடிந்து எங்கள் ஆட்கள் திரும்பக் கடலுக்கு இறங்கினபோது, உங்கள் பக்கத்து இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போயின. டாலர் இல்லாத நாட்டில் அது எவ்வளவு நட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

தோணித்துறை (தூத்துக்குடி):

கோபமில்லை தம்பி. இழுவை மடி எங்கள் நாட்டுப்படகுக்காரனுக்கும் எதிரிதான். அது தனி இழைக்கு உள்ள சண்டை.

ஆனால் நீ உப்பு என்றாயே, அதில் நிற்கிறேன். 2025ல் இலங்கை இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது. உப்பு! சுற்றிலும் கடல் இருக்கிற நாடு. எங்கள் அளத்துக்காரர்கள் முதலில் நம்பவேயில்லை, எவனோ கிண்டல் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தார்கள். புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் பருவம் தப்பி மழை, பாத்தியில் வாரும் நேரத்தில் உப்பு கரைந்துவிட்டது. இங்கேயும் அப்படி மழை பெய்தால் ஒரே ராத்திரியில் ஒரு மாச உழைப்பு தண்ணீராகும், எனக்குத் தெரியும். முதலில் பாத்தியின் ஓரம் மங்கும். பிறகு வெள்ளை எல்லாம் சாம்பல் நிறமாகி, விடியும்போது வெறும் சேற்றுத் தண்ணீர் நிற்கும்.

ஆனையிறவு அளம் போரில் மூடாமல் தொடர்ந்து ஓடியிருந்தால், தெற்கே மழை பெய்தாலும் வடக்கே கொஞ்சம் கை கொடுத்திருக்கும் இல்லையா?

கடலுக்கு அந்தப் பக்கம் (கிளிநொச்சி):

அதேதான் அண்ணை. இப்போது ஆனையிறவில் திரும்பவும் உப்பு எடுக்கிறார்கள். பல வருடம் சும்மா கிடந்த அளம், பழைய அளவுக்கு வர நாள் எடுக்கும்.

புளியங்குடி எலுமிச்சை:

இடையில் ஒரு சந்தேகம். இந்தியா–இலங்கை வர்த்தக ஒப்பந்தம் இருக்கே, வரி கிடையாதே, அப்புறம் என்ன கஷ்டம்?

துறைமுகச் சோலி (தூத்துக்குடி):

நான் கஸ்டம்ஸ் ஏஜெண்ட் ஆபீஸில் பில் அடிக்கிறவன். அண்ணாச்சி, வரி கிடையாது என்பது சுங்கவரிக்கு மட்டும். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அது. செஸ் என்று கூடுதல் தீர்வை ஒன்று உண்டு, துறைமுக விமான நிலைய வரி என்று ஒன்று உண்டு, அதெல்லாம் தனி. வெங்காயம், உருளைக்கிழங்கு, வத்தல், பருப்பு மாதிரிச் சாமான்களுக்கு இதற்கெல்லாம் பதிலாக விசேஷப் பண்ட வரி என்று ஒன்று. அது ராத்திரி ஒரு அரசாங்கக் கெசட்டில் மாறும். அங்கே அறுவடை நேரமென்றால் விவசாயியைக் காப்பாற்ற ஏற்றுவார்கள், பண்டிகை வந்தால் இறக்குவார்கள். ஒருதடவை எங்கள் பார்ட்டி ஒருத்தரின் உருளைக்கிழங்கு கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கும்போது கிலோவுக்கு வரி ஏறிவிட்டது. சரக்கு இறங்குவதற்குள் லாபம் போச்சு.

மஞ்சள் கதை தெரியுமா? டாலரை மிச்சம் பிடிக்கவும் உள்ளூர் விவசாயிக்காகவும் மஞ்சள் இறக்குமதியை அங்கே தடை செய்தார்கள். விலை பல மடங்கு போனது. அந்த வருஷங்களில் நம்ம கடற்கரையில் ராத்திரி பிடிபட்ட மூட்டைகளைப் பார்த்தால் பீடி இலை, மஞ்சள், பீடி இலை, மஞ்சள் என்றுதான் இருக்கும். மஞ்சளைக் கடத்துவான் என்று எங்கள் ஆத்தாளிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

நாமும் யோக்கியமில்லை. 2023 டிசம்பரில் இங்கே வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தோம், 2024 மே வரைக்கும். நம்மை நம்பி இருந்த கடைக்காரர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்?

மேலரத வீதி:

ஒப்பந்தத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2000களில் இலங்கை நமக்கு விற்றதில் பெரிய பங்கு வனஸ்பதியும் செம்பும். பனையெண்ணெய் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருந்து வந்தது. இலங்கையில் அதற்கு வரி குறைவு, லேசாக ஒரு வேலை செய்து இலங்கைச் சரக்கு என்று நமக்கு அனுப்பினார்கள். சலுகைக்காக முளைத்த ஆலைகள், சலுகை ஓட்டை அடைபட்டதும் மூடிக்கொண்டன. பிறகு மிளகு. ஒப்பந்தப்படி வருஷம் 2,500 டன் வரியில்லாமல் வரலாம். வியட்நாம் மிளகு இலங்கையில் விளைந்தது என்ற சீட்டோடு வருகிறது என்று நம் விவசாயிகள் சத்தம் போட்டு, 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது வியட்நாம்தான். அதுவும் போரில் சுடுகாடான நாடு. 1975ல் போர் முடிந்தது, 1986ல் சந்தையைத் திறந்தது, 1994ல்தான் அமெரிக்கா வர்த்தகத் தடையை எடுத்தது. இன்றைக்கு உலகத்துக்கே மிளகு விற்கிறது. இலங்கை மிளகுக்குக் காரம் கூடுதல் என்று பேர். ஆனாலும் அடுத்தவன் மிளகுக்குச் சீட்டு எழுதுவது லாபமாக இருந்திருக்கிறது.

வத்தல் மண்டி:

அக்கா, இதெல்லாம் கேட்டபிறகு சவத்தை விட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது.

பாளை பென்ஷனர்:

அப்படியும் இல்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் திட்டம் கொடுத்தது. 2024 முடிவில் கையிருப்பு 600 கோடி டாலரைத் தாண்டியது. அந்த டிசம்பரில் கடன்பத்திரக்காரர்களோடும் கணக்கு முடித்தார்கள். 2020லிருந்து மூடியிருந்த கார் இறக்குமதியை 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். டாலர் இல்லாதவன் கார் வாங்க விடமாட்டான். ஆனால் பெரிய தவணைகள் 2028லிருந்துதான். அதுவரைக்கும் உங்கள் பணம் வருவதில் பெரிய சிக்கல் இருக்காது என்பது என் கணிப்பு. அதற்குப் பிறகு அவர்கள் எதை விற்று டாலர் சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்: டி.ஏ. கிடையாது. பாதி முன்பணம், பாதி எல்.சி., அதாவது வாங்குகிறவரின் வங்கியே பணத்துக்குப் பொறுப்பேற்கிற கடிதம். ஈசிஜிசி இல்லாமல் ஒரு மூட்டைகூடக் கப்பலேறாது.

துறைமுகச் சோலி (தூத்துக்குடி):

முழுக் கண்டெய்னர் வேண்டாம் அண்ணாச்சி. பல பேர் சரக்கைச் சேர்த்து ஏற்றுகிற பங்குக் கண்டெய்னரில் ஐந்து டன் ஏற்றிப் பாருங்கள். ஏற்றுகிற அன்றைக்குக் கெசட்டைப் பார்த்து நான் சொல்கிறேன். அப்புறம் வத்தலில் ஈரம் பதினொரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் தயவுசெய்து ஏற்ற வேண்டாம். அங்கே நாலு நாள் கூடுதலாக நின்றாலே பூஞ்சை பிடிக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம் (கிளிநொச்சி):

அண்ணாச்சி, கொழும்புக்கு மட்டும் ஏன்? நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஓடுகிறது, இப்போதைக்குப் பயணிகள்தான். சரக்குக்கும் வழி திறந்தால் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் கொழும்புத் தரகு இல்லாமல் வாங்குவார்கள். எங்கள் அம்மா முகாமில் பழகின கை, இன்னும் உங்கள் ஊர் வத்தல்தான் வேண்டும் என்கிறா. இங்கே கிடைப்பதில் நிறம் இருக்கிறது, காரம் இல்லையாம்.

வத்தல் மண்டி:

இன்றைக்குக் காலையில் புறக்கோட்டைக்குப் போன் போட்டேன். பாதி முன்பணம் என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "உங்க அப்பா இருந்தா இப்படிக் கேட்டிருப்பாரா" என்றார். கேட்டிருக்க மாட்டார் அண்ணாச்சி, அதனால்தான் நான் கேட்கிறேன் என்றேன். சிரித்துவிட்டார். முப்பது சதம் முன்னால், மீதிக்கு எல்.சி. என்று நிற்கிறது. பென்ஷனர் ஐயா, முப்பது போதுமா?

நாளைக்கு விளாத்திகுளம் போகிறேன், ஐந்து டன்னுக்கு வத்தல் பார்க்க. கிளிநொச்சித் தம்பி, உன் முகவரியைத் தனிச்செய்தியில் போடு. அம்மாவுக்கு இரண்டு கிலோ, யாராவது சென்னை வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பறக்கிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். அதற்கு எல்.சி. வேண்டாம்.

பாளை பென்ஷனர்:

முப்பது பத்தாது. நாற்பதில் நில்லும்.